கரண்ட் பிடித்து முடிந்த பிறகு



"கரண்ட் பிடிச்சு முடிஞ்சுது, இனி ஒரு பிரச்சினையும் இல்லை" என்று எங்கள் ஊரில் பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். புற்றுநோயிலிருந்து தப்பி வந்த ஒரு பெண்ணும் அவளுடைய வீட்டாரும் அப்படி நினைக்க விரும்புவது இயல்பு. போரில் இழந்தது போதாதென்று நோயும் வந்து, அதையும் தாண்டி வந்தவள், இன்னொரு முறை வைத்தியசாலைப் பக்கம் திரும்பிப் பார்க்க விரும்பமாட்டாள்.

ஆனால் கரண்ட் பிடித்த இடத்தில் ஐந்து, பத்து, இருபது வருடங்கள் கழித்தும் புதிதாகச் சில தொல்லைகள் தொடங்கலாம். அவை எவை, ஏன் வருகின்றன, வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையே இம்மாதம் எழுதுகின்றேன். நானும் கதிர்ச் சிகிச்சை பெற்றவள் என்பதால் இதில் கொஞ்சம் சொந்த அனுபவமும் கலந்திருக்கும்.

கரண்ட் என்பது என்ன?

நாம் கரண்ட் என்று சொல்வது மின்சாரம் அல்ல. அது கதிர்வீச்சு. இயந்திரத்திலிருந்து வரும் கதிர், புற்றுநோய்க் கலங்கள் பெருகாதபடி அவற்றின் உள்ளே தாக்குகின்றது. அருகிலுள்ள நல்ல கலங்களிலும் அது படுகின்றது. நல்ல கலங்கள் பெரும்பாலும் தம்மைத் திருத்திக்கொள்ளும். அவற்றுக்கு அந்த அவகாசத்தைக் கொடுக்கவே மொத்த அளவைச் சிறிது சிறிதாகப் பிரித்துப் பல நாட்களுக்குக் கொடுக்கிறார்கள். கதிரின் அளவை 'கிறே' என்று சொல்வார்கள். மார்புப் புற்றுநோய்க்கு நெடுங்காலம் 50 கிறேயை 25 நாட்களாகப் பிரித்து ஐந்து கிழமைகளில் கொடுத்து வந்தார்கள்.

ஒன்றை முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து இயந்திரத்தால் கொடுக்கும் கதிர் உடம்பில் தங்குவதில்லை. இயந்திரத்தை நிறுத்தியதும் அது முடிந்துவிடும. கரண்ட் பிடித்தவளின் கோப்பையில் சாப்பிட்டாலோ, அவள் குழந்தையைத் தூக்கினாலோ, அவளுக்குப் பக்கத்தில் படுத்தாலோ எவருக்கும் எதுவும் ஆகாது. பாயையும் பாத்திரத்தையும் வேறாக்கி வைக்கும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தப் பந்தியை வாசித்துக் காட்டுங்கள்.

ஏன் வருடக்கணக்கில் கழித்து?

சிகிச்சை நடக்கும்போது தோல் கறுப்பதும், தொண்டை புண்ணாவதும், வயிற்றாலை போவதும் உடனே வரும் தொல்லைகள். இவை சில கிழமைகளில் ஆறிவிடும். பிந்தி வருபவை வேறு வகை. கதிர் பட்ட இடத்திலுள்ள மெல்லிய குருதிக் குழாய்களின் உட்சுவர் மெதுவாகத் தடித்துக் குழாய் ஒடுங்குகின்றது. மண் மூடிய வாய்க்காலின் கரையில் நிற்கும் பயிர் போல அந்த இடத்துத் தசையும் எலும்பும் போதிய குருதி இல்லாமல் வலுவிழக்கின்றன. மென்மையாக இருந்த இடம் தழும்பு போல இறுகுகின்றது. இது மாதங்களாக, வருடங்களாக நடப்பதால், வெளியே தெரியவரும்போது கரண்ட் பிடித்ததை நாமே மறந்திருப்போம்.

இதை வாசித்துவிட்டு, "அப்படியானால் கரண்ட் வேண்டாம்" என்று எவரும் முடிவெடுத்துவிடக் கூடாது. மார்பை முழுமையாக அகற்றாமல் கட்டியை மட்டும் வெட்டி எடுத்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களின் விபரங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வொன்று 2011 இல் வெளிவந்தது. கதிர் பெறாதவர்களில் 100 பேருக்கு 35 பேருக்குப் பத்து வருடத்துக்குள் நோய் திரும்பியது. கதிர் பெற்றவர்களில் அது 19 பேராகக் குறைந்தது. உயிரைக் காக்கும் சிகிச்சை இது. தப்பிய உயிரை நன்றாக வாழவைப்பதற்கே பின்விளைவுகளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எல்லோருக்கும் எல்லாம் வருவதுமில்லை. பலருக்கு ஒன்றுமே வருவதில்லை.

மார்பில் கரண்ட் பிடித்தவர்களுக்கு

எனக்கு 2004 இல், ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், இடது மார்பில் சத்திரசிகிச்சை செய்து 25 நாள் கரண்ட் பிடித்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருதரம் கிளினிக் வரச் சொன்னார்கள். 2006 ஓகஸ்ட்டில் பாதை பூட்டப்பட்டது. அதோடு என் கிளினிக்கும் நின்றது. என்னைப் போல அந்த வருடங்களில் தொடர் பரிசோதனை அறுந்துபோன பெண்கள் வடக்கில் ஏராளம். 2009 இற்குப் பிறகு பாதை திறந்தபோது, "இத்தனை வருசம் ஒண்டும் வரேல்லைத்தானே" என்று பலர் திரும்பப் போகவேயில்லை.

2011 இல் என் இடது கை வீங்கத் தொடங்கியது. காலையில் சரியாக இருக்கும் காப்பு மாலையில் இறுகும். கமக்கட்டில் உள்ள நிணநீர் முடிச்சுகளை வெட்டி எடுத்து, அதே இடத்தில் கதிரும் பட்டால், கையிலிருந்து நீர் வடியும் வழி குறைந்துவிடும். மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வீக்கம் வருகின்றது. வருடங்கள் கழித்தும் வரலாம். முதலில் வரும்போதே காட்டினால் அழுத்தக் கைச்சட்டை, கட்டு, தடவல், பயிற்சி என்பவற்றால் கட்டுப்படுத்தலாம். விட்டுவிட்டால் கை தடித்து இறுகிப் போகும்.

வீங்கிய கையில் சிறு காயமும் பெரிதாகும். மீன் வெட்டும்போது முள்ளுக் குத்துவதும், பனையோலை கிழிப்பதும், அடுப்புச் சூடும் எங்களுக்கு அன்றாடம் நடப்பவை. அந்தக் கைக்குக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கை சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அது கிருமித் தொற்று. நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது.

"அந்தக் கையால் ஒன்றும் தூக்காதே" என்று பலருக்குச் சொல்லப்பட்டிருக்கும். உவர்க் கிணறுகளுள்ள எங்கள் காரைநகரில், பவுசரில் வரும் தண்ணீரைக் குடத்தில் சுமந்து, தனியாகக் குடும்பம் நடத்தும் ஒரு பெண் அதை எப்படிக் கடைப்பிடிப்பாள்? இதற்கு ஒரு நல்ல செய்தி உண்டு. கை வீங்கிய பெண்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2009 இல் வெளியிட்ட ஆய்வில், மேற்பார்வையின் கீழ் பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தூக்கிப் பழகியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை என்று கண்டார்கள். கையும் பலம் பெற்றது. ஆகவே முழுக் குடத்தைத் திடீரென்று தூக்காமல், சிறு கானில் தொடங்கிப் பழகுங்கள். எப்படிப் பழகுவது என்பதை உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கை வீங்கினால் அல்லது வலித்தால் அளவைக் குறையுங்கள்.

தோள் இறுகித் தலை வாரக் கை எழும்பாமல் போவதும் உண்டு. தினமும் சுவரில் விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏறும் பயிற்சி உதவும்.

விரல்கள் மரத்து, ஊசி குத்துவது போலிருந்து, கை பலம் இழப்பது வேறு விடயம். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கட்டைக் கதிர் பாதித்தால் அப்படி வரும். இன்றைய முறைகளில் இது மிகவும் அரிது. பிரித்தானியாவில் 1970களிலும் 80களிலும் கதிர் பெற்ற பல பெண்களுக்கு இது வந்தது. ஆளுக்கொரு வைத்தியரிடம் தனித்தனியே சொல்லிக் களைத்த அவர்கள், 1991 இல் ஒன்று கூடி 'ரேஜ்' என்ற பெயரில் ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்கள் சேர்ந்து குரல் கொடுத்த பிறகே கதிர் வைத்தியர்களின் கல்லூரி விசாரித்து, 1995 இல் அறிக்கைகளை வெளியிட்டது. தனி ஒருத்தியின் முறைப்பாடாக இருந்தது, பலர் சேர்ந்தபோது மருத்துவ அறிவாகியது.

இடது மார்பில் கதிர் பெற்றவர்கள் இருதயத்தையும் கவனிக்க வேண்டும். சுவீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை கதிர் பெற்ற 2,168 பெண்களை ஆராய்ந்து 2013 இல் வெளியிட்டார்கள். இருதயத்தில் பட்ட கதிர் கூடக்கூட மாரடைப்பு போன்ற நோய்களின் ஆபத்தும் கூடியது. அது முதல் ஐந்து வருடங்களுக்குள் தொடங்கி இருபது வருடங்களுக்கு மேலும் நீடித்தது. பயப்பட வேண்டாம். பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றையும் ஒழுங்காகப் பரிசோதித்துக் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினால், மூச்சு வாங்கினால், "எனக்கு இடது பக்கம் கரண்ட் பிடிச்சது" என்ற ஒரு வசனத்தை வைத்தியருக்கு மறவாமல் சொல்லுங்கள். சிவப்பு நிறச் சேலைன் மருந்து ஏற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அதுவும் இருதயத்தைப் பாதிக்கக் கூடியது.

அடிவயிற்றில் கரண்ட் பிடித்தவர்களுக்கு

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர் பெற்றவர்கள்தான் அதிகம் மௌனமாக இருப்பவர்கள். சொல்ல வெட்கம். ஊரியில் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு, சிகிச்சை முடிந்து இரண்டு வருடத்தில் மலத்துடன் இரத்தம் போனது. "வருத்தம் திரும்பி வந்திட்டுது எண்டு நினைச்சு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பிள்ளையளை நினைச்சு அழுதுகொண்டு கிடந்தன்" என்றார். ஏழு மாதம் அப்படியே இருந்திருக்கிறார். பரிசோதித்தபோது நோய் திரும்பவில்லை. கதிர் பட்ட குடலின் உட்சுவர் மெலிந்து இரத்தம் கசிந்திருக்கிறது. அதற்குச் சிகிச்சை உண்டு.

இரத்தம் போனால் ஒருநாளும் மறைக்க வேண்டாம். அது கதிரின் விளைவா, மூலமா, நோய் திரும்பியதா என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும்போது, அங்கே கதிர் பட்டிருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த இடத்தில் சோதனைக்காகத் துண்டு வெட்டினால் காயம் ஆறாமல் போகக் கூடும் என்பதால் வைத்தியர் அதற்கேற்ப முடிவெடுப்பார். சிறுநீர்ப்பையும் அப்படித்தான். அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் வருவதும், அதில் இரத்தம் தெரிவதும் வருடங்கள் கழித்து வரலாம்.

பெண்ணுறுப்பின் பாதை வரண்டு ஒடுங்கி இறுகுவதும் உண்டு. கணவனுடன் சேரும்போது வலிக்கும். இதனால் குடும்பத்தில் மனக்கசப்பு ஏற்பட்டு, காரணம் தெரியாமல் இருவரும் துன்பப்படுகிறார்கள். இது மனம் மாறியதால் வருவதல்ல, கதிரால் வருவது. வழவழப்புக் களிம்பும், பாதையை விரித்து வைக்கும் மழமழப்பான சிறு குழாயும் பாவிக்கலாம். கிழமையில் சில நாட்கள் பாவிக்கும் இம்முறையைத் தாதியர் சொல்லித் தருவார்கள்.

கணவனை இழந்த சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. "எனக்கு அது ஏன்" என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். பாதை மூடிக்கொண்டால், பிறகு வைத்தியர் உள்ளே பார்த்துப் பரிசோதிக்க முடியாது. நோய் திரும்பினாலும் நேரத்துக்குத் தெரியவராது. இது உங்கள் உடம்பின் பாதுகாப்புக்கானது. இதில் வெட்கப்படவோ குற்ற உணர்வு கொள்ளவோ எதுவுமில்லை.

இளம் வயதில் அடிவயிற்றில் கதிர் பெற்றவர்களுக்கு மாதவிடாய் நேரத்துக்கு முன்பே நின்றுவிடும். உடம்பு தகிப்பதும், நித்திரை வராததும், எலும்பு தேய்வதும் அதனுடன் வரும். இதற்கு மருந்து கொடுக்கலாமா என்று கேளுங்கள். இடுப்பெலும்பிலும் நாரிக்குக் கீழுள்ள எலும்பிலும் சிறு வெடிப்புகள் வரலாம். நாரிவலி வந்தவுடன் "எலும்புக்குப் பரவிவிட்டது" என்று நாமே தீர்ப்பெழுதிவிடக் கூடாது. படம் எடுத்துப் பார்க்கட்டும். நெத்தலி, கீரி போன்ற முள்ளோடு சாப்பிடும் மீன்கள், பால், எள்ளு, முருங்கை இலை எல்லாம் எலும்புக்கு நல்லவை.

வாயிலும் கழுத்திலும் கரண்ட் பிடித்தவர்களுக்கு

வெற்றிலை பாக்குப் போடும் எங்கள் அம்மம்மாமாருக்கு வாய்ப் புற்றுநோய் வருவதை நாம் கண்டிருக்கிறோம். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் அறிவித்திருக்கிறது.

வாயில் கதிர் பட்டால் எச்சில் சுரப்பிகள் வாடி வாய் வரளும். எச்சில் குறைந்தால் பல் விரைவில் சூத்தையாகும். இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. சூத்தைப் பல்லைப் போகிற போக்கில் பிடுங்கினால், கதிர் பட்ட தாடை எலும்புக்குப் போதிய குருதி இல்லாததால் காயம் ஆறாமல் எலும்பே அழுகக் கூடும். பத்து வருடம் கடந்தாலும் இந்த ஆபத்து நீங்காது. ஆகவே பல் வைத்தியரின் கதிரையில் ஏறும் முன்னர், "எனக்கு இந்தத் தாடையில் கரண்ட் பிடித்தது" என்று சொல்லுங்கள். புளோரைட் சேர்ந்த பற்பசையால் இரு வேளையும் துலக்குங்கள். அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். வாய் திறக்க முடியாமல் இறுகாதபடி தினமும் திறந்து மூடிப் பழகுங்கள். வெற்றிலையை விட்டுவிடுங்கள்.

கழுத்தில் கதிர் பட்டால் தைரொயிட் சுரப்பி மெல்ல வேலை குறையும். சோர்வு, உடம்பு வைத்தல், குளிர் தாங்காமை, மறதி எல்லாம் வரும். இவற்றை வயதின் குணம் என்று விட்டுவிடுவோம். வருடத்துக்கு ஒருமுறை இரத்தம் சோதித்தால் தெரிந்துவிடும். ஒரு சிறு குளிசையால் சரிசெய்யலாம்.

இன்னொரு விடயம். சிறு வயதிலோ இளம் வயதிலோ, வேறு புற்றுநோய்க்காக நெஞ்சில் கதிர் பெற்ற பெண்களுக்குப் பிற்காலத்தில் மார்புப் புற்றுநோய் வரும் சாத்தியம் கூட. கதிர் பெற்று எட்டு வருடங்களானதும் அல்லது 25 வயதானதும், இரண்டில் எது பிந்தி வருகிறதோ அப்போது, அவர்கள் மார்புப் பரிசோதனையைத் தொடங்க வேண்டுமென்பது வைத்தியர்களின் வழிகாட்டல்.

கையில் ஒரு காகிதம்

மேலே சொன்ன எல்லாவற்றிலும் ஒரே வசனம் திரும்பத் திரும்ப வந்ததைக் கவனித்திருப்பீர்கள். "எனக்கு இந்த இடத்தில் கரண்ட் பிடித்தது" என்று சொல்லுங்கள் என்பதே அது. இருமலுக்குப் பார்க்கும் வைத்தியருக்கோ பல் பிடுங்குபவருக்கோ எங்கள் பழைய கதை தெரியாது. நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு ஆதாரம் டயக்னோசிஸ் காட்டும் கிளினிக் கொப்பியும். 1991 இல் காரைநகரை விட்டு வெளிக்கிட்டபோது, 1995 இல் வலிகாமமே நடந்தபோது, 2009 இல் வன்னியிலிருந்து வந்தபோது, காணி உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தவர்கள் நாங்கள். இந்தக் காகிதங்களும் அதே பெறுமதி உள்ளவை. இருப்பவர்கள் இன்றே இரண்டு போட்டோக் கொப்பி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். பிள்ளையின் போனிலும் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

தொலைத்தவர்கள் சிகிச்சை பெற்ற வைத்தியசாலையில் பெயர், வருடம் கொடுத்து விசாரிக்கலாம். அங்கும் கிடைக்காவிட்டால், நினைவிலிருப்பதை ஒரு கொப்பித் தாளில் எழுதுங்கள். எந்த வருடம், எந்த வைத்தியசாலை, உடம்பின் எந்த இடம், எந்தப் பக்கம், எத்தனை நாள், உள்ளே குழாய் வைத்தும் கதிர் தந்தார்களா, சேலைனில் மருந்து ஏற்றினார்களா, என்ன சத்திரசிகிச்சை? இவ்வளவும் போதும். கதிர் சரியான இடத்தில் படுவதற்காகச் சிலருக்குத் தோலில் கடுகளவு நீலப் புள்ளி குத்தியிருப்பார்கள். அது அழியாது. காகிதம் தொலைந்தாலும் அந்தப் புள்ளி வைத்தியருக்கு இடத்தைக் காட்டும்.

எங்கே போவது?

முன்பு போல எல்லாவற்றுக்கும் மகரகம வரை ஓட வேண்டியதில்லை. 2011 யூலையில் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாட்களில் ஏறக்குறைய 670 கிலோமீற்றர் தூரத்தைப் பலர் நடந்து கடந்தார்கள். நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவ இருவரும் தொடங்கிய 'ட்ரெயில்' நடைபயணம் அது. அதில் சேர்ந்த பணத்தால் தெல்லிப்பளையில் கட்டப்பட்ட புற்றுநோய் வைத்தியசாலை 2013 இல் திறக்கப்பட்டது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் நடந்து சேர்த்துத் தந்த இடம். பொன்னாலைப் பாலம் கடந்து பஸ் ஏறினால் காலையில் போய் மாலையில் திரும்பலாம். கிளினிக்கை இடையில் விட்டவர்கள் எத்தனை வருடமானாலும் போகலாம். முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ எங்கள் ஊர் வைத்தியசாலையிலோ பேசி, ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் அலைச்சல் குறையும்.

அந்தக் கிளினிக்குக்குத் தனியே போகப் பயமாக இருந்தால் இருவராகப் போங்கள். உங்கள் ஒழுங்கையில் கரண்ட் பிடித்த இன்னொருத்தி நிச்சயம் இருப்பாள். அவளிடம் கையைப் பற்றியும், வாயைப் பற்றியும், சொல்லக் கூசும் மற்றதைப் பற்றியும் கேளுங்கள். அவளுக்கும் அதுவே இருக்கும். இருவர் சொன்னால் வைத்தியரும் கூடக் கவனிப்பார்.

அடுத்த மாதம், கை வீக்கத்துக்கு வீட்டிலேயே கட்டுப் போடும் முறையை எழுதுகிறேன். அதற்கு முன் இந்த மாதம் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். அலுமாரியின் அடியில் கிடக்கும் அந்தப் பொலித்தீன் பையை எடுத்து, காட் இருக்கிறதா என்று பாருங்கள்.